ஃபார்சைட் குடும்பத்தார்

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பள்ளியில் வரலாறு பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். அப்பொழுது அவர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். கையிலே தலையணை போன்ற ஒரு தடித்த நூல். "ஐயா, இருநூறு பக்கம் படித்துவிட்டேன். இதில் ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. கிழவர்கள் எல்லாரும் வட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். நாயகன் போல வருகிறவன் மனைவியை வதைக்கிறான். அவளோ வாய் திறப்பதில்லை. யாருக்காக நான் இதை மேலே படிப்பது?" என்று கேட்டார்.

அந்நூல், ஆங்கில ஆசிரியர் ஜான் கால்ஸ்வொர்தி இயற்றிய 'ஃபார்சைட் சாகா' என்னும் குடும்பக் கதை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது அதே நூலை நானும் நூலகத்திலிருந்து எடுத்து, நூறு பக்கத்திலேயே மூடிவைத்தவன். முகப்பில் உள்ள வமிச விருட்சத்தைப் பார்த்தே பாதி மனம் சோர்ந்துவிட்டது. பிறகு பல ஆண்டுகள் இங்கிலாந்து வரலாற்றை வகுப்பிலே நடத்தி, அந்நாட்டுச் சட்டங்களின் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தபின், ஒரு கோடை விடுமுறையில் மீண்டும் அதனை எடுத்தேன். அந்த முறை கடைசிப் பக்கம் வரை விடவில்லை. முன்பு அதில் ஒரு நண்பனைத் தேடினேன்; இப்பொழுது ஒரு சாட்சியைக் கண்டேன். அந்தச் சாட்சியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நூலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால்ஸ்வொர்தி 1867-இல் பிறந்தவர். தந்தையார் லண்டனில் சொலிசிட்டர் தொழில் செய்து பொருள் ஈட்டியவர். மகனும் சட்டம் பயின்று 1890-இல் பாரிஸ்டரானார். தொழிலில் மனம் ஊன்றவில்லை. 'சொத்துடையான்' என்று நாம் பெயர்க்கத்தக்க முதல் நாவல் 1906-இல் வெளிவந்தது. அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் அக்குடும்பத்தை அவர் தொடவில்லை. முதல் உலகப் போர் முடிந்த ஆண்டாகிய 1918-இல் ஒரு சிறுகதையின் வழியே மீண்டும் அவ்வீட்டுக்குள் நுழைந்தார். 1920-இலும் 1921-இலும் எஞ்சிய பகுதிகள் வந்தன. மூன்று நாவல்களும் இடையே இரு சிறு பகுதிகளும் சேர்ந்து 1922-இல் ஒரே நூலாயின. 1932-இல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. நோயினால் விழாவுக்குச் செல்ல இயலாத அவர், 1933 ஜனவரி 31-இல் காலமானார்.

கதை 1886-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் பிற்பகலில் தொடங்குகிறது. மூத்தவரான ஜோலியன் ஃபார்சைட்டின் இல்லத்தில் குடும்பம் முழுவதும் கூடியிருக்கிறது. அவருடைய பேத்தி ஜூனுக்கும் பாஸினி என்ற இளம் கட்டடக் கலைஞனுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. பாஸினி கையில் காசில்லாதவன். பெரியவர்களைப் பார்க்க வரும்போதுகூடப் பழைய சாம்பல் நிறத் தொப்பி ஒன்றை அணிந்துவந்தவன். கண்பார்வை மங்கிய அத்தை ஒருத்தி, நாற்காலிமேல் கிடந்த அத்தொப்பியைப் பூனையென்று எண்ணி விரட்டப் பார்த்தாளாம். இத்தகைய தொப்பியை அணிபவனிடம் குடும்பம் எதனைக் கண்டு அஞ்சியதோ, அதுவே கதையின் வித்து.

இக்குடும்பத்தின் மூலபுருடர் டார்செட் மாவட்டத்துக் கல்தச்சர் ஒருவர். கொத்து வேலையிலிருந்து கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்து, லண்டனுக்குக் குடிபெயர்ந்து, பத்து மக்களுக்கு 30,000 பவுனுக்கு மேல் விட்டுச்சென்றவர். அப்பத்துப் பேரின் இல்லங்களும் ஹைட் பூங்காவைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒருவர் தேயிலை வணிகர், ஒருவர் சொலிசிட்டர், ஒருவர் வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுகிறவர். டிமதி என்பவர் தம் பணத்தையெல்லாம் மூன்று வட்டி தரும் அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டுவிட்டு, தொற்றுநோய்க்கு அஞ்சி வெளியே வராமல், நூறு வயதைக் கடந்து வாழ்கிறார். நான்கு வட்டிக்குக் குறைந்து வாங்குவது ஃபார்சைட்டுகளுக்கு மானக்கேடு என்பதால் உடன்பிறந்தோர் அவரை எள்ளி நகையாடுகின்றனர். 1888-இல் நிதியமைச்சர் கோஷன் அந்த மூன்றையும் இரண்டே முக்காலாகக் குறைத்தார் என்பதை அறிந்த வரலாற்று மாணவனுக்கு, இந்நகைச்சுவை இருமடங்கு சுவைக்கும்.

இன்னொரு சகோதரர் நிக்கலஸ். அவரைப் பற்றி ஆசிரியர் போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறார். மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வருவதற்கு முந்தைய பொற்காலத்திலேயே திருமணம் செய்துகொண்டதால், மனைவியின் செல்வத்தை நல்ல லாபத்தில் பயன்படுத்திக்கொள்ளும் பேறு அவருக்கு வாய்த்ததாம். முதல் முறை படித்தபோது இவ்விடத்தை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் முறை புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். ஏனெனில், நான் வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்த ஒரு சட்டம், ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் எப்படி இருந்தது என்பதை அவ்விடம் காட்டிற்று.

அது யாது? இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி, திருமணத்தால் கணவனும் மனைவியும் ஒருவராகி விடுகின்றனர். அந்த ஒருவர் கணவனே. மனைவி கொண்டுவந்த பணம், நகை, அவள் உழைத்துப் பெறும் கூலி, யாவும் அவனுடையவை. செல்வர் வீட்டுத் தந்தையர் பொறுப்பாளர்களை நியமித்துப் பத்திரம் எழுதி மகளின் பொருளைக் காத்துக்கொண்டனர். ஏழைப் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. நம் நாட்டு அறநூல்கள் ஸ்திரீதனம் என்று ஒன்றை வகுத்து, அது பெண்ணுக்கே உரியது என்று சொல்லிய காலத்தில், நம்மை நாகரிகப்படுத்த வந்தவர்களின் சட்டம் இவ்வாறு இருந்தது. (நாம் அதனை ஒழுங்காகக் கைக்கொண்டோமா என்பது வேறு வழக்கு, அதை இங்கே தொடவில்லை.) 1870-இல் ஒரு சட்டம் பெண்ணின் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கிற்று. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அவளுடைய எல்லாச் சொத்தையும் அவளுக்கு உரியதாக்கி, 1883-இன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. நம் கதை தொடங்குவது அதற்கு மூன்றரை ஆண்டுகள் கழித்து.

ஆகவே, கதையின் நடுநாயகமாகிய ஸோம்ஸ் ஃபார்சைட் வாழ்வது, மனைவியின் பொருள் கணவனுடையதன்று என்று சட்டம் சொல்லத் தொடங்கிவிட்ட காலத்தில். ஆயின், மனைவி? அவள் யாருடையவள்? இவ்வினாவுக்குச் சட்டம் இன்னும் விடையிறுக்கவில்லை. அந்த இடைவெளியிலேதான் ஸோம்ஸ் நிற்கிறான்.

ஸோம்ஸை நீங்கள் வில்லன் என்று எண்ணிவிடக் கூடாது. அவன் குடிகாரன் அல்லன், சூதாடுபவன் அல்லன், பொய்க்கணக்கு எழுதுபவன் அல்லன். முப்பத்தோரு வயதில் தொழிலில் பெயர் பெற்ற சொலிசிட்டர். தந்தையிடம் மாறா அன்புடையவன். நல்ல ஓவியங்களை இனங்கண்டு வாங்கத் தெரிந்தவன். விலை ஏறியபின் விற்கவும் தெரிந்தவன். ஏழைப் பேராசிரியர் ஒருவரின் மகளான ஐரீனை அவன் விரும்பினான். அவள் பலமுறை மறுத்தாள். சிற்றன்னையின் வீட்டில் அவளுக்கு இருக்கை கொள்ளவில்லை. முடிவில், இம்மணம் இனிது அமையாவிட்டால் தன்னை விடுவித்துவிட வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டு இசைந்தாள். அவன் உறுதி கொடுத்தான். பின்னர் அவள் அதனை நினைவூட்டியபோது, அதையெல்லாம் யார் உண்மையாக எடுத்துக்கொள்வார் என்ற நிலையில் நின்றான். ஒப்பந்தங்களே தொழிலாகக் கொண்ட ஒருவன், தன் வாழ்வில் எழுதாமல் கொடுத்த ஒரே ஒப்பந்தத்தை மட்டும் மதிக்கவில்லை.

லண்டனிலிருந்தும் தோழியரிடமிருந்தும் மனைவியைப் பிரித்துவைக்கும் எண்ணத்துடன், ராபின் ஹில் என்னும் ஊர்ப்புறத்தில் அவளுக்கு ஒரு வீடு கட்ட முற்படுகிறான். கட்டுபவன் பாஸினி. வீட்டின் வடிவம் அழகாக வளர வளரச் செலவும் வளர்கிறது. கட்டுபவனுக்கும் வீட்டுக்காரன் மனைவிக்கும் இடையே காதலும் வளர்கிறது. ஸோம்ஸ் 12,000 பவுன் என்று வரம்பு கட்டியிருந்தான். பாஸினி அதனைக் கடந்தான். கடந்த தொகையில் 350 பவுனுக்காக அவன்மேல் வழக்குத் தொடர்கிறான் ஸோம்ஸ். மனைவியின் உள்ளத்தைப் பற்றி எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாதவன், 350 பவுனுக்குத் தொடர்கிறான். நீதிபதி அவன் பக்கமே தீர்ப்பளிக்கிறார்.

தீர்ப்புக்குச் சற்று முன் ஓர் இரவில் நடந்ததைச் சொல்லாமல் இந்நூலைப் பற்றிப் பேச இயலாது. பூட்டியே கிடக்கும் அறைக் கதவு ஒன்று அன்று திறந்திருக்கிறது. ஸோம்ஸ் மனைவியின் இசைவின்றி அவள்மேல் தன் 'உரிமையை' நிலைநாட்டுகிறான். மறுநாள் காலை உணவு மேசையில் அவள் விசும்பல் அவன் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எனினும், தான் செய்ததில் தவறில்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். சட்டப்படி அவன் சொன்னது சரி. பதினேழாம் நூற்றாண்டு நீதிபதி மாத்யூ ஹேல் எழுதி, அவர் மறைந்தபின் 1736-இல் அச்சான நூல் ஒன்று, கணவன் தன் மனைவியிடத்தில் இக்குற்றம் புரிந்தவனாகக் கருதப்பட மாட்டான் என்று விதித்திருந்தது. அவ்விதி இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகளால் நீக்கப்பட்டது 1991-ஆம் ஆண்டில். ஸோம்ஸின் இரவுக்கும் அத்தீர்ப்புக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது.

ஐரீன் பாஸினியிடம் நடந்ததைச் சொல்கிறாள். அவன் பித்துப்பிடித்தவன் போல லண்டன் மூடுபனியில் அலைந்து, வண்டியில் அடிபட்டு இறக்கிறான். அவள் வீட்டைவிட்டுச் செல்லும்போது செய்தது ஒன்று உண்டு. ஸோம்ஸும் அவன் உறவினரும் கொடுத்த நகைகள் அனைத்தையும் பெட்டியில் விட்டு, அவர்கள் தந்த எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்று ஒரு குறிப்பும் வைத்துவிட்டுப் போகிறாள். அதைக் கண்டபோதுதான், தான் இழந்தது இன்னதென ஸோம்ஸுக்கு ஒரு கணம் புரிகிறது. அடுத்த கணமே அந்த உணர்வு அவனை விட்டு அகல்கிறது. அந்த இரு கணங்களுக்காகவே இந்நூலை மும்முறை படிக்கலாம் என்பது என் கருத்து.

'மனைவியோ வாய் திறப்பதில்லை' என்று மாணவர் குறைகூறினாரல்லவா? அது உண்மைதான்; ஆசிரியர் தெரிந்தே அப்படிச் செய்தார். ஐரீனின் மனத்துக்குள் ஒருமுறைகூட நாம் நுழைவதில்லை. பிறர் கண்ணுக்கு அவள் எப்படித் தோன்றினாளோ, அவ்வளவே நமக்குக் கிடைக்கிறது. 1922-ஆம் ஆண்டு முன்னுரையில் கால்ஸ்வொர்தியே இதனைச் சுட்டுகிறார். அம்முன்னுரையில் இன்னொரு வியப்பான செய்தியும் உண்டு. வாசகர்கள் போகப்போக ஸோம்ஸுக்கு இரங்குகிறார்கள். ஐரீனைக் கல்நெஞ்சினள் என்கிறார்கள். அவ்வாறு இரங்குவோர் ஆசிரியரின் நோக்கத்தையே எதிர்ப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள்; உண்மை அதுவன்று, தாமும் ஸோம்ஸுக்கு இரங்குவதாகவே அவர் குறிப்பிடுகிறார். அவருக்கு அதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. அவர் மணந்த ஏடா, முன்பு அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரின் மனைவி. பத்தாண்டுக் காலம் மறைவாகக் காதலித்து, தந்தையார் 1904-இல் இறந்தபின், மணவிலக்குப் பெற்று 1905-இல் மணந்தார்கள். ஏடாவின் துயரத்தைக் கண்ணாரக் கண்டவர், ஸோம்ஸின் நெஞ்சுக்குள் புகுந்து எழுதினார். அதனால்தான் அவனை வெறுக்கவும் முடியவில்லை, விரும்பவும் முடியவில்லை.

அடுத்த நாவல் 1899-இல் தொடங்குகிறது. போயர் யுத்தம் நடக்கிறது. ஸோம்ஸுக்கு நாற்பத்தைந்து வயதை நெருங்குகிறது. சொத்துக்கு வாரிசு வேண்டும். மறுமணத்துக்கு மணவிலக்கு வேண்டும். ஆனால் பிரிந்து வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஐரீன் மேல் எவ்விதப் பழியும் இல்லை. 1857-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி கற்பு நெறி தவறினாள் என்று மெய்ப்பித்தால்தான் கணவன் விடுதலை பெறலாம். அவள் ஒழுக்கமாக இருப்பதே அவனுக்கு இடையூறு! மனைவி விலக்குக் கேட்பதாயின், கணவன் நெறி தவறியது மட்டும் போதாது. கொடுமையோ கைவிடுதலோ அதனுடன் சேர வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு நீங்கியது 1923-இல்.

இச்சட்டத்தின் மற்றொரு முகத்தை ஸோம்ஸின் தங்கை வினிஃப்ரெட் வழியாக ஆசிரியர் காட்டுகிறார். அவள் கணவன் டார்ட்டி, மனைவியின் முத்துமாலையைத் திருடிக்கொண்டு நடனக்காரி ஒருத்தியுடன் தென் அமெரிக்காவுக்கு ஓடிவிடுகிறான். அவனிடமிருந்து விடுபட அவள் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? 'என் கணவர் என்னிடம் திரும்பி வரவேண்டும்' என்று நீதிமன்றத்தில் மன்றாட வேண்டும்! இல்லற உரிமையை மீட்டுத் தரக் கோரும் வழக்கு அது. கணவன் அந்த ஆணைக்குக் கீழ்ப்படியாவிடில் அது உடனே கைவிடுதலாகக் கொள்ளப்படும் என்று 1884-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. பிறகு மணவிலக்குக் கிட்டும். வினிஃப்ரெட் வெறுக்கும் கணவனை வரவேண்டுமென்று பொய்யாக அழைக்கிறாள்; அந்தோ, அவன் உண்மையாகவே வந்து நின்றுவிடுகிறான். சட்ட நூல்கள் பத்துப் படித்தாலும் இதன் விசித்திரம் இவ்வளவு தெளிவாக விளங்காது.

இந்த வழக்கு நமக்கு அயலானதன்று. ஃபார்சைட் கதை நடப்பதாகச் சொல்லப்படும் அதே ஆண்டுகளில், பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்மணி, சிறு வயதில் தன் இசைவின்றி நடந்த மணத்தின் கணவனுடன் வாழ மறுத்தார். அவர்மேல் தொடரப்பட்டது இங்கிலாந்திலிருந்து நம் நீதிமன்றங்கள் பெற்ற இதே வழக்குமுறைதான். கணவனிடம் செல்க, அன்றேல் ஆறு மாதம் சிறை என்று 1887-இல் ஆணை பிறந்தது. இவ்வகையில் சிறைவைக்கும் வழக்கத்தை இங்கிலாந்து 1884-லேயே கைவிட்டிருந்தது. 1888-இல் வழக்கு சமரசமாயிற்று. அவர் லண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பினார். இங்கிலாந்து அவ்வழக்குமுறையையே 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. நம் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமோ அதனை ஒன்பதாம் பிரிவில் ஏற்றது. ஹேல் வகுத்த விலக்கும் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் வழியே நம்மை வந்தடைந்து, 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இடம்பெற்றது. ஸோம்ஸை 'அந்தக் காலத்து ஆங்கிலேயன்' என்று ஒதுக்கும் முன் இதனையும் எண்ணுங்கள்.

ஸோம்ஸ் இறுதியில் விலக்குப் பெற்று, ஆனெட் என்ற இளம் பிரெஞ்சுப் பெண்ணை மணக்கிறான். 1901-இல் விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலத்தை அவளுடன் நின்று பார்க்கிறான். 1837-இல் தொடங்கிய ஆட்சி; சொத்துடையார்க்கு அதனினும் உகந்த காலம் இல்லை. அங்கே கூட்டத்தின் நடுவே, ஐரீனும் அவள் இப்பொழுது மணந்துகொண்ட தன் ஒன்றுவிட்ட சகோதரனும் நிற்பதைக் காண்கிறான்.

அதே ஆண்டில் வருகிறது ஒரு பிள்ளைப்பேறு. மருத்துவர் வெளியே வந்து சொல்கிறார்: அறுவை செய்தால் தாய் பிழைப்பாள், குழந்தை இராது, செய்யாவிட்டால் குழந்தை பிழைக்கலாம், தாய்க்குப் பேராபத்து. எப்படியாயினும் இதற்குப்பின் மகப்பேறு இல்லை. ஸோம்ஸ் குழந்தையைத் தேர்கிறான். இருவரும் பிழைக்கின்றனர், பிறந்தது பெண். அந்நேரத்தில் மரணப் படுக்கையில் கிடக்கும் தந்தை ஜேம்ஸிடம் ஓடுகிறான். 'எனக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை' என்பது போல வாழ்நாளெல்லாம் முறையிட்ட கிழவர் அவர். அவரிடம், 'ஆண் குழந்தை' என்று மகன் பொய் சொல்கிறான். கிழவர் நிம்மதியாகக் கண் மூடுகிறார். ஒரே இரவில் ஒருவன் மனைவியின் உயிரைப் பணயம் வைக்கிறான். தந்தைக்காகத் தன் நேர்மையை விடுகிறான். அவனை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது? நான் பலமுறை முயன்றேன், தராசு நிலைக்கவில்லை.

இந்நூலுக்கு எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. 1924-இல் வர்ஜினியா உல்ஃப், கால்ஸ்வொர்தி முதலியோர் மனிதரின் வீட்டையும் சூழலையும் வருணித்து மனிதரை விட்டுவிடுகின்றனர் என்ற கருத்தில் கண்டித்தார். டி. ஹெச். லாரன்ஸ் 1928-இல் இன்னும் கடுமையாகத் தாக்கினார். இம்மாந்தர் முழு மனிதரே அல்லர், பணத்தால் ஆன சமூகப் பிராணிகள் என்றும், முதல் நாவலின் கூர்மை பின்னவற்றில் மழுங்கிவிட்டது என்றும் அவர் கருதினார். இரண்டாவது குற்றச்சாட்டை நான் ஒப்புகிறேன். மூன்றாம் நாவலின் இளங்காதல் எனக்குச் சலிப்பூட்டிற்று. முதலாவதை ஒப்பவில்லை. பெட்டிக்குள் நகையைக் கண்டு ஒரு கணம் திகைப்பவனும், தந்தையிடம் பொய் சொல்பவனும் பிராணி அல்லன்.

படிக்க எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. வமிச விருட்சத்தை மனப்பாடம் செய்ய முயல வேண்டா. நம் வீட்டுக் கல்யாணத்தில் எல்லா உறவினரையும் முதல் நாளே இனங்கண்டுகொள்கிறோமா? ஐவரைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் தாமே வந்து சேர்வர். பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பணத்தொகையோ சட்டமோ வரும் இடங்களை அதில் குறித்து, வரலாற்று நூலில் அவ்வாண்டைப் புரட்டுங்கள்.

மாணவரிடம் இவற்றையெல்லாம் அன்று நான் சொல்லவில்லை. நிக்கலஸ் பற்றிய அந்த ஓரிடத்தை மட்டும் காட்டி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். சாகாவோடு நில்லாமல், 1928-இல் வெளிவந்த 'அன்னத்தின் பாட்டு' என்னும் தொடர் நாவல் வரை படித்திருந்தார். "ஐயா, ஸோம்ஸ் இறந்துவிட்டான்" என்றார், உறவினர் மரணத்தைச் சொல்வது போல. அதில் ஸோம்ஸின் ஓவியக்கூடம் தீப்பற்றுகிறது. படங்களைச் சன்னல் வழியே வெளியே எறிகின்றனர். கீழே நிற்கும் மகள்மேல் ஒரு படம் விழப்போகிறது. ஸோம்ஸ் ஓடிச்சென்று அவளை விலக்குகிறான். அது அவன்மேல் விழுகிறது. எஞ்சிய படங்களை அவன் நாட்டுக்கே எழுதிவைத்திருந்தான்.

"இப்பொழுதாவது அவனைப் பிடித்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா" என்றார். சிறிது நேரம் கழித்து, அந்த 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய நூல் ஏதும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்.